மெல்ல நடப்பவற்றைப் படம் பிடிக்க எந்தக் கமரா?

கனடாவில் வாழும் மருமகன் ஒருவர் தைப்பொங்கலுக்கு மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடந்த பட்டப்போட்டியை ரொறன்ரோவில் தன் வீட்டு வரவேற்பறையில் இருந்தபடியே பார்த்திருக்கிறார். பலர் பல கோணங்களில் எடுத்த காட்சிகள். ஆனாலும் அவருக்கு ஒரு குறை.

"ஒரு பட்டத்தை ஒரு நிமிசம் காட்டுறாங்கள், மாமா. அந்த நாள் முழுக்க எப்பிடிப் போச்சுது எண்டு ஒருத்தரும் காட்டேல்லை. நாங்கள் நாலைஞ்சு பேர் சேர்ந்து ஊருக்கு ஒரு கமரா வாங்கித் தாறம். ரைம்-லாப்ஸ் எடுக்கத் தோதானதாய் நீங்களே ஒண்டைச் சொல்லுங்கோ. காசைப் பற்றி யோசிக்காதேங்கோ."

காசைப் பற்றி யோசிக்காதே என்று சொல்பவரிடம் முதலில் காசைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பது பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத் தந்த பாடம். எவ்வளவு எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மூவாயிரம் டொலர் என்றார். ஒரு கிழமை தவணை கேட்டு வைத்தேன். அந்தக் கிழமையில் படித்ததும், விசாரித்ததும், என் பழைய அனுபவமும் சேர்ந்ததே இக்கட்டுரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூவாயிரம் டொலர் வேண்டாம். அதில் பத்தில் ஒரு பங்கே போதும். மிகுதிப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

ஒரு பட்டாணிச் செடியின் கதை

ரைம்-லாப்ஸ் என்பதைக் காலச்சுருக்கப் பதிவு என்று தமிழில் சொல்லலாம். சாதாரண வீடியோவில் ஒரு செக்கனுக்கு இருபத்தைந்து படங்கள் எடுக்கப்பட்டு அதே வேகத்தில் காட்டப்படுகின்றன. காலச்சுருக்கத்தில் ஐந்து செக்கனுக்கு ஒன்று, பத்து நிமிடத்துக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என இடைவெளி விட்டுப் படங்களை எடுத்து, காட்டும்போது மட்டும் செக்கனுக்கு இருபத்தைந்தாக ஓடவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத மெதுவான அசைவு அப்போது தெரிகிறது. மொட்டு விரிகிறது, மேகம் ஓடுகிறது, கட்டடம் எழுகிறது.

இது மேலைநாட்டார் அண்மையில் கண்டெடுத்த வித்தை என்று எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப்படும் தாதாசாகிப் பால்கே, ஆயுட் காப்புறுதிப் பத்திரங்களை அடகு வைத்து 1912இல் இலண்டன் சென்று ஒரு வில்லியம்சன் கமராவுடன் திரும்பினார். முழுநீளப் படம் எடுக்கக் கையில் பணமில்லை. பணம் போடுபவர்களுக்குத் தன் திறமையைக் காட்ட அவர் செய்தது என்ன தெரியுமா? ஒரு சட்டியில் பட்டாணி விதையை நட்டார். முன்னால் கமராவை வைத்தார். விதை முளைத்துக் கொடியாகும் வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறிது சிறிதாகப் பதிவு செய்தார். அந்தச் சின்னஞ்சிறு படத்தைக் காட்டித்தான் கடன் பெற்றார். 1913இல் 'ராஜா அரிச்சந்திரா' வெளிவந்தது. அதற்குச் சற்று முன்னர், 1910இல், இங்கிலாந்தில் பெர்சி ஸ்மித் என்பவர் பூக்கள் மலர்வதை இதே முறையில் எடுத்துத் திரையரங்குகளில் காட்டியிருந்தார்.

பால்கேயின் கதையில் எனக்குப் பிடித்தது இதுதான். காலச்சுருக்கம் பணமில்லாதவனின் கலையாகவே எமது மண்டலத்துக்கு வந்தது. அதற்கு வேண்டியவை அசையாத கமரா, பிசகாத இடைவெளி, பொறுமை ஆகிய மூன்றும்தான். முதலிரண்டும் இன்று மலிவு. மூன்றாவதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

நான் பட்ட சூடு

அறிவுரை சொல்வதற்கு முன் என் தவறையும் சொல்லிவிட வேண்டும். 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறந்தபோது, பலரையும் போல நானும் கொழும்புக்குப் போய் ஆசைப்பட்டதை வாங்கினேன். நான் வாங்கியது சிறு கசற் போடும் ஒரு டிஜிட்டல் வீடியோக் கமரா. பல மாதச் சம்பளம் அதற்குள் போனது. இடைவெளி விட்டுப் பதியும் வசதி உண்டு என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். பொய்யில்லை, வசதி இருந்தது. ஆனால் அது ஒவ்வொரு முறையும் ஒரு தனிப்படத்தை எடுக்காது. அரைச் செக்கன் அளவு துண்டாகப் பதியும். கசற்றில் ஒற்றைப் படத்தைப் பதிய இயந்திரத்துக்கு இயலாது. விளைவு, விக்கல் எடுத்தவன் பேசுவது போன்ற படம்.

வீட்டு மொட்டை மாடியில் அதைக் கடலை நோக்கி வைத்திருந்தேன். இரண்டாம் ஆண்டில் உப்புக் காற்று பதிவுத் தலையைத் தின்றுவிட்டது. இன்று என் அலுமாரியில் இருபத்துமூன்று கசற்றுகள் இருக்கின்றன. போட்டுப் பார்க்கக் கருவி இல்லை. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையைத் தாக்குவதற்கு முன்னர் அக்கரை எப்படி இருந்தது என்பதற்கு அவற்றுள் சில காட்சிகளாவது இருக்கக்கூடும். விலையுயர்ந்த கமராவில் எடுத்தேன். இன்று பார்க்க முடியவில்லை. மருமகனின் மூவாயிரம் டொலரைக் கேட்டதும் என் நினைவுக்கு வந்தது அந்த அலுமாரிதான்.

கமராவுக்கு முன் கணக்கு

எந்தக் கமரா என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, எதைப் பதியப் போகிறீர்கள் என்பதையே. எங்கள் ஊரில் பதியத்தக்கவை மூன்று என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, ஒரு பிற்பகலில் முடியும் பட்டப்போட்டி. இரண்டு, ஆறு மாதம் நீளும் கட்டுமானம். அது படகாகவும் இருக்கலாம், தேராகவும் இருக்கலாம், கோபுரத் திருப்பணியாகவும் இருக்கலாம். மூன்று, ஆண்டுக்கணக்கில் மாறும் கடற்கரை. மூன்றுக்கும் ஒரே கமராவைத் தேடுவதே முதல் தவறு.

பட்டப்போட்டி நான்கு மணி நேரம் என்றால் 14,400 செக்கன். பத்து செக்கனுக்கு ஒரு படம் எடுத்தால் 1,440 படங்கள்; ஓடவிட்டால் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மேகத்துக்கு அது அழகாக இருக்கும். ஆனால் பத்து செக்கனில் பட்டம் வானத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போய்விடும். திரையில் புள்ளிகள் சிதறுவது போலத்தான் தெரியும். பட்டத்துக்கும் சனக்கூட்டத்துக்கும் இரண்டு செக்கன் இடைவெளி வேண்டும். அப்போது 7,200 படங்கள். ஏறத்தாழ ஐந்து நிமிடக் காட்சி.

படகு கட்டுவதை எடுப்போம். நாளுக்குப் பத்து மணி நேரம், பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் நாளுக்கு அறுபது. நூற்றெண்பது நாளில் 10,800 படங்கள். ஓடவிட்டால் ஏழு நிமிடமும் பன்னிரண்டு செக்கனும். ஒரு படம் மூன்று மெகாபைற் என்றாலும் மொத்தம் 32 கிகாபைற்றைச் சற்றே தாண்டும். ஒரு சிறு நினைவக அட்டைக்குள் ஆறு மாத உழைப்பு அடங்கிவிடுகிறது.

கரைக்கோ நாளுக்கு ஒன்று போதும். ஓராண்டு முடிய 365 படங்கள். திரையில் பதினைந்து செக்கன் கூட இல்லை. பத்தாண்டு எடுத்தாலும் இரண்டரை நிமிடத்துக்குள் முடியும். அந்த இரண்டரை நிமிடத்தை இன்று எந்த விலை கொடுத்தும் எம்மால் வாங்க முடியாது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி மெகாபிக்சல் மயக்கம். முழு எச்டி எனப்படும் படம் 1,920க்கு 1,080 புள்ளிகள்; பெருக்கினால் இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்றே மேல். 4கே என்பது எட்டுக்குச் சற்று மேல். உங்கள் வீட்டில் திரை கீறி மூலையில் கிடக்கும் பழைய கைத்தொலைபேசியில் எட்டு மெகாபிக்சல் கமரா இருந்தால், முழு எச்டிக்கு அது தாராளம். புள்ளி எண்ணிக்கைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பவர் கடைக்காரரைத்தான் வாழ வைக்கிறார்.

சந்தையில் உள்ளவை

முதலில் வீடியோக் கமராக்கள். காலச்சுருக்கத்துக்கு இவற்றை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. இவை ஓயாமல் ஓடுவதற்கென ஆக்கப்பட்டவை. பற்றரி சில மணி நேரத்தில் தீரும். இடைவெளிப் பதிவு வசதி எல்லாவற்றிலும் இல்லை. முழு நேரமும் எடுத்துவிட்டுப் பின்னர் வேகமாக ஓட்டலாமே என்பார்கள். ஒரு பிற்பகலுக்குச் சரி; ஆறு மாதத்துக்குச் சரிவராது.

அடுத்தது கண்ணாடி மடிப்புள்ள பெரிய நிழற்படக் கமராக்கள். படத்தின் தரம் உயர்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றின் ஷட்டருக்கு ஆயுள் உண்டு. பொதுவாக ஓர் இலட்சம் சொடுக்கு வரை தாங்கும் எனக் கணக்கிடப்படுபவை பல. ஒரு பட்டப்போட்டிக்கு ஏழாயிரம், ஒரு படகுக்குப் பத்தாயிரம் என்று சொடுக்கிக்கொண்டே போனால் எத்தனை நாளுக்கு வரும்? கலியாண வீட்டுப் படத்துக்கு வாங்கியதைக் காலச்சுருக்கத்தில் தேய்ப்பது, வாசிக்க வாங்கிய மூக்குக்கண்ணாடியால் ஆணி அடிப்பது போல. ஒலியின்றி மின்னியல் ஷட்டரில் எடுக்கும் புதிய கமராக்களில் இந்தத் தேய்மானம் இல்லை. ஆனால் விலை கூடுதல்.

கோப்ரோ போன்ற கைக்கடக்கமான கமராக்களில் காலச்சுருக்கம் உள்ளேயே அமைந்திருக்கிறது. இரண்டு தலைமுறை பழைய மாதிரி என்றால் விலையும் குறைவு. குறைபாடு பற்றரி. ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தாக வேண்டும். வெயிலில் வைத்தால் சூடேறித் தானே நின்றுவிடுவதும் உண்டு.

காலச்சுருக்கத்துக்கென்றே பிறந்த கமராக்களும் உள்ளன. தாய்வான் நாட்டுப் பிரின்னோ நிறுவனத்தின் சிறு பெட்டிகள் இவற்றுள் பெயர் பெற்றவை. கடையில் வாங்கும் சாதாரண டோர்ச் பற்றரி நான்கைப் போட்டால், இடைவெளியைப் பொறுத்து வாரக்கணக்கில் வேலை செய்யும். இரண்டு படங்களுக்கு இடையே கமரா உறங்குவதே அதன் இரகசியம். படங்களை உள்ளேயே கோர்த்து வீடியோவாகத் தந்துவிடும். படத் தரம் பெரிய கமராவுக்கு ஈடாகாது. ஆனால் கட்டுமானத் தளத்துக்கு இதைவிடத் தோதானது வேறில்லை.

இதற்கும் மலிவானது காட்டு விலங்குகளைப் படம் பிடிக்க மரத்தில் கட்டும் பொறிக்கமரா. நூறு டொலருக்குள்ளேயே கிடைக்கிறது. மழைக்கும் தூசிக்கும் ஈடுகொடுக்கும்படி செய்யப்பட்டது. பலவற்றில் காலச்சுருக்க வசதியும் உண்டு. வாங்குமுன் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணினியில் கைவைக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் ராஸ்பெரி பை என்னும் விரலளவுக் கணினி இருக்கிறது. 2021இல் வெளிவந்த சீரோ 2 மாதிரிக்கு 15 டொலர் என விலை குறித்தார்கள். 2023இல் வந்த அதன் மூன்றாம் தலைமுறைக் கமராவுக்கு 25 டொலர். பாடசாலை விஞ்ஞானக் கழகம் ஒன்று இதைச் செய்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். ஆனால் செய்து தந்த பிள்ளை பல்கலைக்கழகம் போன பின் அதைத் திருத்த ஆளிருக்க மாட்டாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இறுதியாகப் பழைய கைத்தொலைபேசி. பட்டப்போட்டிக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். அப்பிள் தொலைபேசிகளில் 2014 முதல் காலச்சுருக்கம் உள்ளேயே உண்டு. ஆனால் நேரம் நீள நீள அது தானாகவே படங்களைக் குறைத்து, எவ்வளவு எடுத்தாலும் அரை நிமிட அளவுக் காட்சியாகச் சுருக்கிவிடும். ஐந்து நிமிடம் வேண்டுபவர் இடைவெளியைத் தாமே குறிக்கக்கூடிய செயலியைப் போட வேண்டும். அன்ட்ரொயிட்டில் ஓப்பன் கமரா என்ற இலவசச் செயலி அதைச் செய்யும். தொலைபேசியை விமானப் பயண நிலையில் வைத்துவிடுங்கள். இல்லாவிடில் பட்டம் உச்சிக்கு ஏறும் நேரத்தில் உங்கள் மாமியாரின் அழைப்பு வந்து பதிவைக் கெடுக்கும்.

எதை எடுத்தாலும் ஒளியளவையும் நிறச் சமநிலையையும் தானியங்கியில் விடாமல் பூட்டி வைக்க வேண்டும். மேகம் கடக்கும்போதெல்லாம் கமரா தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டால், ஓடவிடும்போது படம் மின்விளக்கு மினுங்குவது போலத் துடிக்கும். காலையிலிருந்து இரவு வரை எடுப்பவருக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது.

எமது காற்றும் எமது வெயிலும்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இல்லாத சில சங்கதிகள் இங்கே உண்டு. தை மாதத்தில் வீசுவது வடகிழக்கிலிருந்து வரும் வாடை. கரையில் நின்று ஏற்றும் பட்டங்கள் கடலுக்கு மேலே போவதில்லை; ஊருக்கு மேலே, தென்மேற்கே போகின்றன. அந்த மாதத்தில் பிற்பகற் சூரியன் நிற்பதும் அதே தென்மேற்கில்தான். ஆகவே போட்டியாளருக்குப் பின்னால் நின்று பட்டத்தை நோக்கிக் கமராவை வைத்தால், கொக்கும் பிராந்தும் பெட்டியும் எல்லாம் கறுப்புப் புள்ளிகளாகிவிடும். கமராவைக் கரையின் மேற்குப் பக்கத்தில் வைத்துக் கிழக்கே பார்க்கவிட வேண்டும். வெயில் முதுகுப் பக்கம் விழும். ஏற்றுபவரும் ஏறும் பட்டமும் ஒரே சட்டத்துள் அடங்கும். விண் கூவும் ஒலியைத்தான் பதிய முடியாது. காலத்தைச் சுருக்கும்போது ஒலி போய்விடுகிறது. அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

கடலை நோக்கும் கமராவுக்கு எமது ஊர் வாய்ப்பானது. கரை வடக்குப் பார்த்தது. ஆண்டின் பெரும்பகுதி சூரியன் வில்லைக்குள் நேரே இறங்காது. உப்பு மட்டும் விடாது. வாடைக் காலத்தில் இரண்டு நாள் துடைக்காவிட்டால் வில்லையில் பனி படர்ந்தது போலாகிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் உப்பைக் கரைத்த பின்னரே துடைக்க வேண்டும். காய்ந்த உப்பைத் தேய்த்தால் கண்ணாடி கீறும். கமராவின் முன்னால் மலிவான கண்ணாடித் தகடு ஒன்றைப் பொருத்தினால் கீறல் அதற்கே போகும்.

மின்சாரத்துக்கு வருவோம். 2022 மார்ச்சில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் இருந்த நாடு இது. அதற்கு முன், தொண்ணூறுகளில், டோர்ச் பற்றரி கூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த நாள்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். ஆகவே சுவரிலுள்ள மின்சாரத்தை நம்பி ஆறு மாதத் திட்டம் போட வேண்டாம். வெளிப் பற்றரி வைத்தால் ஒன்றைச் சோதியுங்கள்: சிறிதளவு மின்னோட்டமே எடுக்கப்பட்டால், கருவி கழற்றப்பட்டதாக எண்ணித் தானே அணைந்துவிடும் பற்றரிகள் பல. பழைய தொலைபேசியை வெயிலில் ஓயாமல் மின்னேற்றியில் விடவும் கூடாது, பற்றரி வீங்கும்.

பனிப்பாறைகள் உருகுவதைப் பதிய 2007இல் புறப்பட்ட அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஜேம்ஸ் பேலொக், கிறீன்லாந்து முதலிய இடங்களில் நிறுவிய கமராக்கள் பலவும் தொடக்கத்தில் செயலிழந்தன. நேரம் குறிக்கும் சிறு மின்னியல் தகடுகள் அவரைக் கைவிட்டன. திருத்தித் திருத்தி வைத்தார். 2012இல் வெளிவந்த 'சேசிங் ஐஸ்' படத்தில் அந்தத் தோல்விகளையும் மறைக்காமல் காட்டியிருக்கிறார்கள். அத்தனை வசதி படைத்தவருக்கே அந்த நிலை. எங்கள் முதல் முயற்சி பிழைத்தால் அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

யாருடைய கண் இது?

இனி நான் அதிகம் யோசித்த விடயத்துக்கு வருகிறேன். கம்பத்தில் பூட்டிய கமரா என்றதும் எம் மக்கள் மனத்தில் எழுவது கலை அல்ல. எம்மைப் பிறர் கண்காணித்த காலம் நீண்டது. கமராவுடன் வீதியால் போவதே விளக்கம் சொல்ல வேண்டிய செயலாக இருந்தது. 1989 ஓகஸ்ட் மாத முற்பகுதியில் இந்திய அமைதிப்படையினர் வல்வெட்டித்துறையில் அறுபதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்ற நாள்களை நேரில் கண்டவர்கள் இன்னமும் இவ்வூரில் வாழ்கிறார்கள். தங்கள் முற்றத்தை நோக்கி ஒரு கண் இரவும் பகலும் திறந்திருப்பதை அவர்கள் விரும்புவார்களா? தொழிலுக்குப் போகும் கடற்றொழிலாளருக்கும், கரையில் குளிக்கும் பெண்களுக்கும், மாலையில் காற்று வாங்க வரும் இளையோருக்கும் தங்களை எவன் படம் எடுக்கிறான் என்று கேட்க உரிமை உண்டு.

ரொறன்ரோவில் இருந்து பணம் வந்துவிட்டது என்பதற்காக ஊரில் ஒரு கண்ணை நட்டுவிட முடியாது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடமும் கிராம அலுவலரிடமும் சொல்லி, அயலவரின் சம்மதம் பெற்று, இதை யார் வைத்தது, எதற்காக, எத்தனை நாளைக்கு என்று தமிழில் பலகை எழுதித் தொங்கவிட்ட பின்பே கமரா ஏற வேண்டும். ஆள் முகம் தெரியாத உயரமும் தூரமும் தெரிவு செய்ய வேண்டும்.

இந்தக் கேள்வியோடு தேடியபோதுதான் அவுஸ்திரேலியாவிலிருந்து நல்லதொரு வழி கிடைத்தது. சிட்னி நகரின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017இல் கோஸ்ட்ஸ்நாப் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். கடற்கரையை நோக்கிய ஓரிடத்தில் கைத்தொலைபேசி வைக்கும் உலோகத் தாங்கி ஒன்றை அசையாமல் பொருத்தினார்கள். அவ்வளவுதான். அங்கே கமரா இல்லை. வருபவர் தன் தொலைபேசியை அதில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புகிறார். எல்லோருடைய படமும் ஏறத்தாழ ஒரே கோணத்தில் அமைவதால், அவற்றை ஒழுங்குபடுத்திக் கரை எவ்வளவு முன்னேறியது, எவ்வளவு பின்வாங்கியது என்று அளக்கிறார்கள். பின்னர் பல நாடுகளுக்கு இத்திட்டம் பரவியது.

எமது ஊருக்கென்றே யோசித்தது போல் இருக்கிறது. திருடிப் போக அங்கே எதுவும் இல்லை. பற்றரி வேண்டாம். உப்புக்குத் துருப்பிடிக்காத உருக்கில் ஒரு தாங்கியைப் பருத்தித்துறையிலோ நெல்லியடியிலோ உள்ள ஒட்டுத்தொழிற்சாலையில் செய்துவிடலாம். ஒளித்திருந்து பார்க்கும் கண்ணும் இல்லை. எடுப்பவர் எல்லோர் முன்னும் நின்று எடுக்கிறார். சித்திரைப் பறுவத்துக்கு, முத்துமாரி அம்மன் தீர்த்தத்துக்கும் இந்திரவிழாவுக்கும் இலண்டனிலும் பாரிசிலும் இருந்து வருகின்றவர்கள் தம் முகத்தை எடுக்கும் ஆயிரம் படங்களில் ஒன்றை ஊர்க் கரைக்குக் கொடுக்க மாட்டார்களா?

எடுத்ததை எங்கே வைப்பது?

என் அலுமாரிக் கசற்றுகளை மறந்துவிடாதீர்கள். பதிவு செய்வதைவிடக் காப்பாற்றுவது கடினம். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற இருபாய்க் கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, புளோரன்ஸ் சி. றொபின்சன் எனப் பெயர் மாற்றினார். எமது ஊர் மாலுமிகள் அதை அத்திலாந்திக் கடந்து செலுத்தி 1938 ஓகஸ்டில் மசாசுசெட்ஸ் மாநிலக் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அது போய்ச் சேர்ந்ததற்குச் சான்று உண்டு. ஆனால் இந்தக் கரையில் பலகை அறுத்து, வங்கு வளைத்து, ஆணி இறுக்கி அதை உருவாக்கிய நாள்களின் ஒரு படத்தையும் நான் கண்டதில்லை. கைகளின் வேலை காற்றோடு போயிற்று. இன்று மரக்கலம் கட்டத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ண வேண்டிய நிலை. கண்ணாடி நார்ப்படகு அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. யாராவது ஒரு மூத்த ஓடாவியார் கடைசியாக ஒரு வள்ளம் கட்டுவாரானால், அதன் ஆறு மாதமும் பதியப்பட வேண்டும். ஒரு பொறிக்கமரா அதற்குப் போதும்.

மூலப் படங்களை ஒரே வன்தட்டில் வைக்காமல், ஊரில் ஒன்று, கடல் கடந்து ஒன்று என இரு பிரதிகள் வைக்க வேண்டும். கோர்த்த வீடியோவை மட்டும் வைத்துப் படங்களை அழித்துவிடக் கூடாது. வீடியோ வடிவங்கள் மாறும், தனிப்படங்கள் நிலைக்கும். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றிடம் ஒரு பிரதி ஒப்படைப்பது இன்னும் நல்லது. மருமகனின் மிகுதிப் பணத்துக்கு வேலை இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான்: வன்தட்டுகள், கண்ணாடித் தகடுகள், தாங்கிகள், படங்களைத் தொகுத்துப் பெயரும் திகதியும் எழுதும் ஒரு பிள்ளைக்குச் சிறு கொடுப்பனவு.

ஒரு கிழமை முடிந்ததும் மருமகனுக்குச் சொன்னேன்: பட்டத்துக்கு நீங்கள் பாவித்துத் தள்ளிய தொலைபேசிகள் இரண்டு, வள்ளத்துக்கு ஒரு பொறிக்கமரா, கரைக்கு ஒரு தாங்கி. எல்லாம் முந்நூறு டொலருக்குள். ஊருக்கு வருபவர் கையோடு கொடுத்துவிடலாம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "இவ்வளவுதானா மாமா?" என்றார். ஏமாற்றம் தெரிந்தது. மூவாயிரம் டொலர்க் கமராவைக் கையில் பிடித்துப் படம் எடுத்து அனுப்புவது போல இது இராதுதான்.

தாங்கி வரும்வரை காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மதிலில் ஓரிடத்தைச் சுண்ணாம்பால் குறித்து, காலை ஏழு மணிக்குப் பழைய தொலைபேசியை அதே இடத்தில் அழுத்தி வைத்து நாளுக்கு ஒரு படம் எடுத்து வருகிறேன். ஒரு மாதத்தில் நான்கு நாள் தவறவிட்டேன். இரண்டு நாள் காய்ச்சல், இரண்டு நாள் மறதி. கோர்த்துப் பார்த்தால் ஒரு செக்கனும் சொச்சமும் வருகிறது. அதற்குள் ஒரு வள்ளம் கரையில் ஏறியும் இறங்கியும் போகிறது. மணல் வலப்பக்கமாய் ஓரடி நகர்ந்தது போலத் தெரிகிறது. நகர்ந்தது மணலா, என் கையா என்று இன்னும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் தாங்கி வேண்டும் என்கிறேன். உங்கள் ஊர்க் கரைக்கும் ஒன்று வேண்டியிருக்கலாம். யோசித்துப் பாருங்கள்.